பூண்டு, வெல்லம், காந்தாரி: வீட்டிலேயே ருசி சேர்த்த வெண்ணெய் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வீடு மறையூரில். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான். ஆனால் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டி 40 கிலோமீட்டர் போல இறங்கினால் உடுமலைப்பேட்டை வந்துவிடும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதித் தமிழ் பாதி மலையாளம். மேலே காந்தளூரில் பூண்டு விளைகிறது. இங்கே ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறார்கள். கீழே இருந்து ஊத்துக்குளி வெண்ணெய் வருகிறது. மூன்றும் ஒரே சமையலறையில் வந்து உட்கார்ந்தால் கலந்து பார்க்காமல் எப்படி இருப்பது? சில வருடங்களாகக் கலந்துகொண்டிருக்கிறேன். உடுமலையில் இருக்கும் நாத்தனாரும், பக்கத்து வீட்டுச் சேச்சியும், மகளின் தோழிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ருசி சேர்த்த வெண்ணெய் என்றால் கடையில் கிடைக்கும் கார்லிக் பட்டர்தானா?

அதுவும் ஒன்று. இளகிய வெண்ணெயில் பூண்டு, தழை, மிளகு, வெல்லம் என்று எதையாவது பிசைந்து மறுபடி இறுக வைப்பதுதான் சமாச்சாரம். பிரெஞ்சுக்காரர்கள் பார்ஸ்லி இலையும் எலுமிச்சையும் கலந்த வெண்ணெயை வில்லையாக வெட்டிச் சுட்ட இறைச்சிமேல் வைப்பார்கள். அதற்கு 'மேத்ர் தோத்தெல்' வெண்ணெய் என்று பெயர். நமக்கு இது புதிது என்று நினைக்க வேண்டாம். அடைக்கு வெண்ணெயும் வெல்லமும் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள்தானே நாம்? தட்டில் கலப்பதை முன்கூட்டியே கலந்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

எந்த வெண்ணெய் வாங்குவது? உப்புப் போட்டதா, போடாததா?

உப்பில்லாதது. ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரி வெறும் வெண்ணெயாக இருந்தால் இனிப்பு, காரம் இரண்டுக்கும் கை கொடுக்கும். உப்பு நீங்களே போட்டுக்கொள்ளலாம்: 100 கிராமுக்குக் கால் டீஸ்பூன் தூள் உப்பு போதும். உப்புப் போட்ட பாக்கெட் வெண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால் காரவகைக்கு அதையே எடுங்கள். மேற்கொண்டு உப்புச் சேர்க்காதீர்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் பல இடங்களில் உதவும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, டேபிள் பட்டரில் பால் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரம் 16 சதவீதத்தையும் உப்பு 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அதாவது வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு இல்லை. ஆறில் ஒரு பங்கு வரை தண்ணீர். அது கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாகக் கொழுப்புக்குள் சிறைப்பட்டிருக்கிறது. கெட்டுப்போவது, பிரிந்துபோவது, தோசைக்கல்லில் வெடிப்பது எல்லாமே பெரும்பாலும் அந்தத் தண்ணீரின் வேலை. நாம் சேர்க்கும் சாமான் இன்னும் எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறது என்று பார்ப்பதில்தான் இந்தக் கைவேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

ஏடு சேர்த்து வீட்டிலேயே கடைந்த வெண்ணெய் ஆகுமா?

ஆகும், ருசியும் தூக்கலாக இருக்கும். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று ஆசையை முதலில் அளந்துகொள்ளுங்கள். பசும்பாலில் கொழுப்பு 3.5 முதல் 4 சதவீதம், எருமைப்பாலில் 6, 7 சதவீதம். ஒரு லிட்டர் பசும்பாலின் கொழுப்பு மொத்தமும் திரண்டால்கூட 50 கிராம் வெண்ணெய்தான். எருமைப்பாலென்றால் 80 கிராமை ஒட்டி வரும். காய்ச்சி ஆற வைத்து எடுக்கும் ஏட்டில் எல்லாக் கொழுப்பும் மேலே வராது. ஆகவே இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

ஏட்டில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு ஃபிரிஜ்ஜில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போக விடாதீர்கள், கசப்பு ஏறும். கடைவதற்கு முந்தைய இரவு வெளியே எடுத்துப் புளிக்க வைத்து, காலையில் ஜில்லென்று கடையுங்கள். மத்தோ மிக்ஸியோ எதுவானாலும் சரி. கடையும்போது 10 முதல் 14 டிகிரிக்குள் இருந்தால் வெண்ணெய் மணி மணியாகத் திரளும். சூடு கூடினால் கொழகொழவென்று மிக்ஸி முழுக்க ஒட்டும். உடனே நாலு ஐஸ் கட்டி போடுங்கள். எங்கள் ஊர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழியில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே பிரச்சினை தலைகீழ்: திரளவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டியிருக்கும்.

திரண்டதும் குளிர்ந்த தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள், அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை. உள்ளே மோர் நின்றால் இரண்டே நாளில் வாடை வரும். பிறகு மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தித் தண்ணீரைப் பிழிய வேண்டும். என் மாமியார் இதை உள்ளங்கையில் தட்டித் தட்டியே செய்துவிடுவார். அந்த லாவகம் எனக்கு இன்னும் வரவில்லை.

உருக்கிக் கலந்தால் வேலை சுலபமாக முடியுமே?

முடியாது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். உருகியதும் சிறைப்பட்டிருந்த தண்ணீர் விடுபட்டு அடியில் இறங்கும். மறுபடி இறுகினால் மேலே நெய் மாதிரி குருணை, கீழே கலங்கல் தண்ணீர். பழைய வழவழப்பு திரும்பாது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரியக் கூடாது, அதுதான் பதம். ஏறக்குறைய 18, 20 டிகிரி. மறையூர்க் காலையில் அது சாதாரண அறைச் சூடு. உடுமலையில் சித்திரை மாதமென்றால் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த சில நிமிடங்களிலேயே அந்தப் பதம் வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டியும் போய்விடும்.

கலந்த பிறகு தண்ணீர் கோத்துக்கொள்கிறதே?

கழுவிய கொத்தமல்லியை அப்படியே நறுக்கிப் போட்டிருப்பீர்கள். தழையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கழுவி, துணியில் பரப்பி, நிழலில் ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் நறுக்குங்கள். எலுமிச்சைச் சாறும் இப்படித்தான் வம்பு செய்யும். மணம்தான் வேண்டுமென்றால் பச்சைத் தோலை மட்டும் லேசாகத் துருவிப் போடுங்கள். மணத்துக்கான எண்ணெய் தோலில்தான் இருக்கிறது, கொழுப்போடு நன்றாகச் சேரும். சாறு விட்டே ஆக வேண்டுமென்றால் அரை அரை ஸ்பூனாக விட்டு அடியுங்கள். பிரிந்துவிட்டதா? பத்து நிமிடம் ஃபிரிஜ்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

பூண்டு வெண்ணெய்க்கு எந்தப் பூண்டு, எவ்வளவு?

காந்தளூர், வட்டவடைப் பக்கத்து மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பல் சிறியது, தோல் செந்நிறமாக இருக்கும், காரமும் மணமும் சமவெளிப் பூண்டைவிடத் தூக்கல். கொடைக்கானல் மலைப்பூண்டும் இதே குணம்தான். அதற்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. இவற்றில் 100 கிராம் வெண்ணெய்க்கு ஆறு பல் போதும். சாதாரணப் பூண்டென்றால் எட்டு.

பச்சையாக நசுக்கிப் போடுவதா, சுட்டுப் போடுவதா என்பது உங்கள் நாக்கைப் பொறுத்தது. பூண்டுப் பல் முழுசாக இருக்கும்வரை அதில் அந்தக் காரம் இல்லை. நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் சந்தித்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறுவது அதுதான். முழுப் பல்லாகச் சுட்டால் அந்தச் சந்திப்பே நடக்காது, பூண்டு இனிப்பாகிவிடும். நான் சுடுகிற கட்சி. தோலோடு இரும்புச் சட்டியில் போட்டு, மூடி, சிறு தீயில் 20 நிமிடம். தோலைப் பிதுக்கினால் பசை மாதிரி வரும். ஈரமும் பாதி போயிருக்கும். அதோடு உப்பு, கொரகொரப்பாக இடித்த மிளகு கால் டீஸ்பூன், உலர்த்திய கொத்தமல்லித்தழை ஒரு பிடி.

பூண்டு வெண்ணெயை வெளியே வைத்தால் விஷமாகும் என்கிறார்களே, பயமுறுத்தலா?

பயமுறுத்தல் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். பூண்டு மண்ணுக்குள் விளைகிறது, ஆகவே பூண்டிலும் ஒட்டியிருக்கலாம். சாதாரணமாகச் சாப்பிட்டால் பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. காற்றுப் புகாமல், புளிப்பில்லாமல், ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடம் கிடைத்தால் மட்டும் முளைத்து நஞ்சு உண்டாக்கும். எண்ணெயிலோ வெண்ணெயிலோ புதைந்த பூண்டுத் துண்டு அப்படியொரு இடம். நஞ்சு வந்திருப்பது வாசனையிலோ ருசியிலோ தெரியாமலே போகலாம். 1985-இல் கனடாவின் வான்கூவரில், குளிரூட்டாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் சுடுவதாலும் வதக்குவதாலும் வித்து சாகாது.

"உப்பு வெண்ணெய் வெளியே வைத்தும் கெடுவதில்லையே" என்று என் நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. முன்னே சொன்ன கணக்குக்கு வாருங்கள். 100 கிராமில் தண்ணீர் 16 கிராம், உப்பு 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உப்பு கொழுப்பில் கரையாது. மொத்தமும் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கும். அப்படியானால் அது 11 சதவீத உப்புநீர், ஊறுகாய் மாதிரி. கிருமிக்கு அங்கே இடமில்லை. ஆனால் 20 கிராம் பச்சைப்பூண்டைச் சேர்த்தால் அதுவே 12 கிராம் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அந்த ஈரத்துக்குள் உப்பு போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உப்பே போடாத வெண்ணெயில் அந்தக் காவல் முதலிலிருந்தே கிடையாது.

ஆகவே பூண்டு, பச்சைத் தழை, வெங்காயம், பச்சை மிளகாய் எது சேர்ந்தாலும் ஃபிரிஜ்ஜில் நான்கு நாள், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் செய்த அன்றே ஃபிரீசருக்குள். மழைக்காலத்தில் எங்களுக்கு மின்சாரம் நாள்கணக்கில் போவதுண்டு. அந்த மாதங்களில் நான் பூண்டு வெண்ணெய் செய்வதே இல்லை.

பூண்டு பச்சை நிறமாகிவிட்டது, கெட்டுப்போனதா?

இல்லை. எலுமிச்சையின் புளிப்பு பட்டால் பூண்டிலுள்ள கந்தகப் பொருள்கள் சில சமயம் பச்சை, நீலமாக மாறும். சாப்பிடலாம்.

வெல்ல வெண்ணெய் நறநறவென்று வருகிறது. என்ன செய்ய?

உருண்டை வெல்லத்தைக் கத்தியால் சீவிப் போட்டால் அப்படித்தான். சிறு துருவியில் துருவி, சலித்து எடுங்கள். 100 கிராம் வெண்ணெய்க்கு 40 கிராம் வெல்லம், நாலு ஏலக்காயின் விதையை இடித்தது, ஒரு சிட்டிகை உப்பு. கலந்து அரை மணி நேரம் விட்டால் மிச்ச நறநறப்பு வெண்ணெயின் ஈரத்திலேயே கரையும். கரைத்து, கல்மண் வடிகட்டி, பாகு காய்ச்சியும் சேர்க்கலாம். ஆனால் கம்பிப் பதம் தாண்டி நன்கு கெட்டியாகி, முழுசாக ஆறிய பிறகுதான். சூடாக விட்டு நான் ஒரு முறை அரைக் கிலோ வெண்ணெயைக் குழம்பாக்கினேன்.

மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது. கையால் உருட்டிய பந்து, கரும்பழுப்பு நிறம், உப்புக்கரிப்பு குறைவு. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி வேறு இடத்து வெல்லம் விற்பதும் உண்டு; நாக்கில் வைத்தால் கரிப்பு காட்டிக் கொடுத்துவிடும். இந்த வெண்ணெயை அடைக்கும் சூடான பன்னுக்கும் தடவுங்கள். கேழ்வரகு ரொட்டிமேல் ஒரு வில்லை வைத்து அது தானாக வழிவதைப் பார்ப்பது எனக்குச் சாப்பிடுவதைவிடப் பிடிக்கும்.

தேன் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். நான்கு பங்கு வெண்ணெய்க்கு ஒரு பங்கு தேன். அதற்கு மேல் போனால் கசிந்து நிற்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது; மேலே சொன்ன அதே வித்துதான் காரணம், பிஞ்சுக் குடலில் அது முளைத்துவிடும்.

காந்தாரி வெண்ணெய் என்று ஏதோ செய்கிறீர்களாமே?

காந்தாரி என்பது வானத்தைப் பார்த்துக் காய்க்கும் சின்ன ஊசி மிளகாய். மலையாளி வீடுகளில் அதைச் சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து நசுக்கி, தேங்காயெண்ணெய் விட்டு, வேகவைத்த கப்பைக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, தொட்டுக்கொள்வார்கள். நான் எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போட்டேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஈரம் போகும்வரை வதக்கி, ஆற வைத்து, ஐந்தாறு காந்தாரியை உப்போடு இடித்துச் சேர்க்க வேண்டும். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும். அதனால் இது முதல் வாயில் உறைக்காது, மெதுவாகப் பரவும். பாவம் என்று ஏமாந்து இரண்டாவது கரண்டி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேச்சிக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. "காந்தாரிக்கு வெளிச்செண்ணெய் தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது அது காலியாக இருந்தது.

மிளகு, ஏலக்காய் எல்லாம் பொடியாகவே போடலாமா?

ஏலக்காயை அப்போதே இடியுங்கள். பொடியாக வாங்கியதில் மணம் போய்விட்டிருக்கும். மிளகு 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன், வெறும் சட்டியில் லேசாகச் சூடாக்கி ஒன்றிரண்டாக இடித்தது. இவை உலர்ந்த சாமான், தண்ணீர் பயம் கிடையாது. ஃபிரிஜ்ஜில் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். செய்த அன்றைவிட மறுநாள் மணம் கூடும்.

இட்லிப்பொடியைக் கலந்தால்?

இதைவிடச் சுலபமானது இல்லை: 100 கிராமுக்கு இரண்டு டீஸ்பூன். பூண்டு போட்டு இடித்த பொடி வேண்டாம்.

தோசைக்கல்லில் போட்டதும் கருகுகிறது.

கல் காயும்போது முதலிலேயே போடாதீர்கள். வெண்ணெயில் உள்ள பால்சத்து 150 டிகிரியைத் தொட்டதும் வேகமாகக் கருகத் தொடங்கும். பூண்டும் பொடியும் அதற்கு முன்பே கருகிக் கசக்கும். எண்ணெய் விட்டுத் தோசையைச் சுட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மேலே வில்லையைத் தேயுங்கள்.

எப்படிச் சுருட்டி வைப்பது? எத்தனை நாள்?

பட்டர் பேப்பரில் நீளமாகப் பரப்பி, கொழுக்கட்டை மாவை உருட்டுவதுபோல் உருட்டி, இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி முறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஃபிரிஜ்ஜில் இறுகியதும் வில்லைகளாக வெட்டி, மூடியுள்ள டப்பாவில் ஃபிரீசருக்குள். வெட்டாமல் உறைய வைத்தால் பிறகு அரிவாள்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மாதம் ருசி குறையாது. டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் கருவாட்டு வாடையையும் தனதாக்கிக்கொள்ளும். தணலில் வாட்டிய வாழையிலையில் சுற்றினால் பார்க்க அழகு, அன்றைக்கே பரிமாறுவதென்றால் மட்டும்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகலாமா?

என் அனுபவத்தைக் கேளுங்கள். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வெல்ல வெண்ணெயை எவர்சில்வர் தூக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சின்னாறு தாண்டும்வரை சரியாக இருந்தது. அமராவதி வருவதற்குள் தூக்கில் சலசலவென்று சத்தம். திறந்தால் மேலே மஞ்சள் எண்ணெய், அடியில் வெல்லத் தண்ணீர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், என் கதையில் தாழி மட்டும் உடையவில்லை. இப்போது ஃபிரீசரில் கல்லாக்கி, நாலு சுற்று செய்தித்தாளில் சுற்றி, வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டியோடு வைத்துக் கொண்டுபோகிறேன். பூண்டு வெண்ணெயை மட்டும் பஸ்ஸில் ஏற்றுவதில்லை.

மார்ஜரினில் செய்தால் மலிவாக முடியுமே?

முடியும், ஆனால் அது வெண்ணெய் அல்ல, தாவர எண்ணெய்க் கொழுப்பு. கடையில் ஒரே மாதிரி டப்பாக்களில் 'ஃபேட் ஸ்ப்ரெட்' என்று இருப்பதும் வெண்ணெய் இல்லை. சிலவற்றில் தண்ணீர் மிகவும் அதிகம். பெயரைப் படித்து வாங்குங்கள்.

தினமும் சாப்பிடலாமா?

100 கிராமில் 720 கலோரிக்குக் குறையாது. ஒரு டீஸ்பூன் 36 கலோரி. வில்லையை நான் அந்த அளவுக்குத்தான் வெட்டுகிறேன். இரண்டாவது வில்லை உங்கள் பாடு.

அக்கம்பக்கத்தில் விற்கலாமா?

சிறிய அளவில் விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். பதிவு இருந்தாலும் பச்சைப்பூண்டு சேர்த்ததை விற்காதீர்கள் என்பேன். வாங்குகிறவர் அதை எங்கே வைப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

பழையதாகிக் காறல் வாடை வந்த வெண்ணெயை நெய்யாக உருக்கிவிடலாமா?

காறல் வந்ததை உருக்கினால் காறல் நெய்தான் கிடைக்கும். வாடை வருவதற்கு முன், மிளகு அல்லது ஏலம் மட்டும் சேர்ந்த மிச்சத்தை உருக்கி வடிகட்டலாம். ரசம் தாளிக்க அபாரம். வெல்லம், தேன் சேர்ந்தது அடிபிடித்துக் கருகும், முயலாதீர்கள்.

பட்டர் பேப்பரில் ஒட்டியதை என்ன செய்ய?

வழித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதை அப்படியே சுடச்சுட இட்லிமேல் கவிழ்த்து, கையால் ஒரு தேய். காகிதமும் சுத்தம், இட்லியும் பளபளப்பு.